என் ஷிப்டில் வந்த குறை

ஷாரோனுக்கு ஏன் என்று கேட்கும் வியாதி சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. பாதிரியார் பிரசங்கம் முடித்து இறங்குவதற்குள் எதிரே போய் நின்று, நோவாவின் பேழையில் புலி எதைத் தின்றது என்று கேட்டவள் அவள். அம்மா ஞானம்மா வெட்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இவளை எவன் கட்டுவான் என்ற கவலை அவளுக்கு அன்றே தொடங்கிவிட்டது.

கணிதத்தில் பட்டம் வாங்கிய பிறகு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஷாரோனுக்கு வேலை கிடைத்தது. லைனில் வரும் பாகங்களைச் சோதித்து, குறை உள்ளதைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். அதோடு விடமாட்டார்கள். குறை ஏன் வந்தது, அந்தக் காரணம் ஏன் வந்தது என்று ஐந்து முறை கேட்டு அடிவரை போக வேண்டும் என்பது அங்கே விதி. கேள்வி கேட்பதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மண்ணூரைத் தாண்டி, வயலும் கம்பெனிச் சுவரும் மாறி மாறி வரும் சாலையில் அவள் ஊர் அரசு உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் சின்னப் பள்ளி. உள்ளூர்ப் பிள்ளைகளோடு, தெற்கேயிருந்து வேலைக்கு வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்களின் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஒருநாள், ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஷாரோனைத் தலைமையாசிரியை ராஜாமணி பள்ளி வாசலிலேயே மடக்கினார். புது ஆசிரியர் வரும்வரை காலையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க முடியுமா என்று கேட்டார். தூக்கம் கண்ணைச் சுழற்ற, அவள் சரி என்றாள். அடுத்த ஷிப்டுக்கு மாற்றாக வரும் ரிலீவர் வராமல் லைனை விட்டு நகரக் கூடாது என்பது கம்பெனிப் பழக்கம். அதனால் மழையானாலும் வெயிலானாலும், ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு அவள் வராமல் இருந்ததில்லை.

நீலக் கோட்டும் சேஃப்டி ஷூவுமாக அவள் நின்று கணக்குப் போட, பிள்ளைகள் முதலில் ஷூவைத்தான் பார்த்தார்கள். போகப்போகக் கணக்கையும் பார்த்தார்கள். கனிஷ்கா மட்டும்தான் பிடிபடவில்லை. விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பத்துப் பெண். எந்தக் கணக்குக் கொடுத்தாலும் விடையை மட்டும் எழுதுவாள், வழி ஒரு வரிகூட இருக்காது. பார்த்து எழுதுகிறாளோ என்று தனியாக உட்காரவைத்தும் பார்த்தாயிற்று. அப்போதும் விடை சரியாகவே இருந்தது. அரையாண்டுத் தேர்வில் வழிக்கான மதிப்பெண்ணெல்லாம் பறிபோய், தட்டுத்தடுமாறித் தேறினாள். பொதுத்தேர்விலும் இப்படியே எழுதினால், அவள் ஆசைப்படும் கணக்கு குரூப் பிளஸ் ஒன்னில் கிடைக்காது.

இந்த நேரம் பார்த்துப் புது ஆசிரியர் வருவதாகச் செய்தி வந்தது. காரணம் தெரியாத குறையை அடுத்த ஷிப்டின் தலையில் கட்டிவிட்டுப் போக ஷாரோனுக்கு மனசு ஒப்பவில்லை. வகுப்பை விட்டுப் போகவே மனசில்லை என்பதும் உண்மை.

கடைசி நாள் காலையில் நேரே போய்க் கனிஷ்காவின் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். வழி ஏன் எழுதுவதில்லை என்று கேட்டாள். தேவையில்லை என்றாள் பெண். ஏன் தேவையில்லை என்றதற்கு, மனசிலேயே வந்துவிடுகிறது என்றாள். வந்ததை எழுதினால் என்ன குறைந்துவிடும்? கனிஷ்கா அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதான மிஸ் மொத நாள் சொன்னீங்க, லைன்ல தேவையில்லாம கைய அசைச்சாலே வேஸ்ட்டுன்னு. அதான் எல்லாத்தையும் விட்டுட்டேன்."

ஷாரோனுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகளை மயக்குவதற்காக முதல் நாள் கம்பெனிப் பெருமையை அவள்தான் அளந்துவிட்டிருந்தாள். மற்றவர்கள் கேட்டு மறந்துவிட்டார்கள். இந்த ஒருத்தி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் தோள்பையோடு வாசலில் வந்து நின்றார் புது ஆசிரியர் நெல்லையப்பன். ஷிப்ட் மாறும்போது மெஷினை ஒப்படைப்பதைப் போல ஷாரோன் வகுப்பை ஒப்படைத்தாள். இனியவன் மைனஸ் குறியை விழுங்கிவிடுவான், மகாராஜா வடிவியல் வந்தால் காம்பஸைத் தொலைத்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கனிஷ்காவிடம் நின்றாள்.

"இது என் ஷிப்டுல வந்த கொற சார். இன்னாத்துக்குன்னு இப்பதான் தெரிஞ்சிகினேன். சரி பண்ணிட்டுப் போறேன்."

நெல்லையப்பன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஷாரோன் பெண்ணிடம் திரும்பினாள்.

"போல்ட்ட முறுக்கினா அது தலைல பெயிண்ட்டால ஒரு கோடு போட்டுதான் அனுப்புவோம். அந்தக் கோடு வேஸ்ட்டா? அது இல்லாங்காட்டி, முறுக்கினதா இல்லியான்னு அடுத்தவனுக்கு எப்பிடித் தெரியும்?"

கனிஷ்கா யோசித்தாள். பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினாள், அதன் கீழே இன்னொன்று எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏன் மிஸ், முறுக்காமலே கோடு மட்டும் போட்டு அனுப்பிட்டா?"

"நல்ல கேள்வியால்லா இருக்கு" என்றார் நெல்லையப்பன் பின்னாலிருந்து.

ரிலீவர் வந்தாயிற்று, இனி ஷாரோன் தாராளமாகப் போகலாம். ஆனால் எடுத்த பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் மறுபடியும் கனிஷ்காவின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.