எல்லா மூட்டைக்கும் எட்டு

என் மனைவிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் அளந்து ஊற்றியதை இன்னொரு முறை அளப்பாள். நான் இருமினால்கூட எதற்கு இருமுகிறேன் என்று திரும்பிப் பார்ப்பாள். இந்தக் குணத்துக்காகவே எங்கள் விவசாயிகள் சங்கம் அவளுக்குக் கிடங்கில் வேலை கொடுத்தது. வருகிற நிலக்கடலையைக் காதருகே ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே பருப்பு கலகலத்தால் காய்ந்தது. இல்லையென்றால் ஈரம், திரும்பக் களத்துக்கு. பதினாறு வருடமாக அவள் காதுதான் தீர்ப்பு.

இந்த வருடம் பிளாக்செயின் வந்து சேர்ந்தது. எங்கள் கடலையை வாங்கிக் குழந்தைகளுக்கு மாவு தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் நிபந்தனை. ஒவ்வொரு மூட்டையின் ஈரத்தையும் மீட்டரில் பார்த்து, விவசாயி பெயரோடு போனில் ஏற்ற வேண்டும். பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் பதிவாகுமாம், யாராலும் அழிக்க முடியாதாம். பூஞ்சை பிடித்த ஒரு மூட்டை போனாலும் இனிமேல் நம் கடலையே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"அழிக்க முடியாதுன்னா பொய்யையும் அழிக்க முடியாதே?" என்று கேட்டாள். பயிற்சி கொடுக்க வந்தவர் தண்ணீர் குடித்தார்.

லாரி வருகிற நாள். என் மச்சினன், அவளுடைய சொந்தத் தம்பி, இருபது மூட்டை இறக்கியிருந்தான். போனில் பார்த்தாள். இருபதுக்கும் ஈரம் எட்டு சதவீதம், நன்றாகக் காய்ந்ததாகக் கணக்கு.

"ஒரே செடியில பறிச்ச ரெண்டு காயே ஒண்ணுபோலக் காயாது. எல்லா மூட்டைக்கும் எட்டா?"

"அடிப்பாவி, உன் தம்பியையுமா சந்தேகப்படுவே?" என்றேன்.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்றபடி ஒரு மூட்டையின் தையலைப் பிரித்தாள். அடிவரை கைவிட்டு அள்ளி ஆட்டினாள். சத்தமே இல்லை.

தம்பி அழுதுவிட்டான். "அக்கா, ஈரம்னு ஒரு தடவை ஏறிட்டா நான் செத்தாலும் என் பேர்ல நிக்கும்னு சொன்னாங்களே. பயந்துட்டேன்க்கா. நல்லாக் காஞ்ச ஒரு கை கடலையையே இருபது தடவை மீட்டர்ல போட்டேன்."

"மீட்டர் உன் கைக்கு எப்படிடா வந்துச்சு?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சங்கத்து மீட்டர் என் பொறுப்பு. முந்தைய நாள் பல்வலி தாங்காமல், "நீயே பார்த்து ஏத்திடு மச்சான்" என்று கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தவன் நான். எனக்கு நிற்கவே வெட்கமாக இருந்தது.

"வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. இருபது மூட்டையையும் ஒதுக்கச் சொன்னாள். போனில் பழைய பதிவுக்குக் கீழே 'ஈரம்' என்று புதிதாக ஏற்றினாள். தவறு யாருடையது என்று போன் கேட்டது. தம்பி பெயரைத் தட்டினாள்.

"இன்னொரு பேர் இருக்கு. நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ஏற்றும் முன், நான் மனம் மாறிவிட்டேனோ என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.