இடப்பக்கத்துக் கள்ளனின் மாத்திரை

விவேக் நகரில் பெரிய வெள்ளி நாடகத்துக்கு இயேசு மாறுவார், யூதாஸ் மாறுவான், இயேசுவுக்கு இடப்பக்கச் சிலுவையில் தொங்கும் கள்ளன் மட்டும் மாறியதே இல்லை. பத்தொன்பது வருஷமாகக் கிளெமென்ட்தான். இடுப்பில் சாக்குத் துணி, வெற்று மார்பு. சிலுவையில் தொங்கிக்கொண்டு ஆண்டவரை அவர் திட்டிய திட்டில் ஒரு வருஷம் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி குடையை எறிந்தாள். அது பறந்துபோய் ஓடுகிற பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்து மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரை போனதாகப் பேச்சு. குடைக்காரி இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

பஸ் டிப்போ மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஏழாம் வருஷம் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். ஆண் ஹார்மோன் நோய்க்குத் தீனி போடாமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை. நோய் அடங்கியது. நேரங்கெட்ட நேரத்தில் கழுத்திலிருந்து சூடு ஏறி வியர்த்தது. கூடவே என்னென்னவோ அடங்கிப்போயின. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி நோராவும் ஒன்றுதான், தலையணையும் ஒன்றுதான். அதற்குக்கூட வருத்தம் வரவில்லை. ஆனால் அதே மாத்திரையால் மார்பு பெண்களுக்குப் போல வீங்கத் தொடங்கியது. பனியன் உரசினாலே வலித்தது. கண்ணாடியில் பார்த்தால் வேறு யாருடையதோ போல இருந்தது.

இதை வைத்துக்கொண்டு சிலுவையில் எப்படித் தொங்குவது?

தவக்கால நோன்பு தொடங்கும் விபூதிப் புதனன்று வழி கிடைத்தது. தவக்காலத்தில் ஆளுக்கொன்றை விடுகிறார்களே, அவர் மாத்திரையை விட்டார். நாற்பது நாளில் மார்பு வற்றிவிடும் என்று நினைப்பு. நோரா கொடுக்கும் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, கறிவேப்பிலைத் தொட்டியில் துப்பினார்.

ஐந்தாம் வாரம் நோயின் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை. டாக்டர் உஷா தாளிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"பி.எஸ்.ஏ. ஒண்ணுக்குக் கீழ இருந்தது, இப்ப ஏழு. நோய் திரும்பத் தலை தூக்குது. மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"நானே கையில குடுக்கிறேன் டாக்டர்," என்றாள் நோரா.

"தவக்காலம்னு விட்டுட்டேன்," என்றார் கிளெமென்ட். காரணத்தையும் சொன்னார்.

"ஊரெல்லாம் கறியை விடும், பீடியை விடும். மாத்திரையை விட்ட ஒரே கத்தோலிக்கன் நீங்கதான்யா!" நோரா சிரிப்பாகத்தான் தொடங்கினாள், பாதியில் அழுகையாகிவிட்டது.

"வீக்கம்னு அப்பவே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். இப்ப முழுசா வத்தாமலும் போகலாம்," என்றார் டாக்டர். "ஆனா மாத்திரையை நிறுத்தினா அடுத்த நாடகத்துக்கு நீங்க இருப்பீங்களான்னு நான் சொல்ல முடியாது."

மறுநாள் காலை மாத்திரையை விழுங்கினார். நோரா வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பத்து நாள் கழித்து ஒத்திகை.

"சட்டையைக் கழட்டுங்க அங்கிள்," என்றான் நாடகம் நடத்தும் ஆண்ட்ரூ.

கழற்றினார். வலப்பக்கத்துக் கள்ளன் தன் செருப்பைப் பார்த்தான். கூச்சம் எப்போது வரும் என்று கிளெமென்ட் காத்திருந்தார். அதுவும் வரவில்லை.

"கயித்தைக் கொஞ்சம் மேல, மார்புக்குக் குறுக்கே கட்டட்டுமா அங்கிள்?"

"வலிக்கும். வேணாம். ஏத்து."

ஏற்றினார்கள். காப்பாற்றச் சொல்லி ஆண்டவரைத் திட்டுகிற இடம். பஸ்ஸில் சில்லறை கேட்பதுபோலக் கேட்டார்.

"கோபம் பத்தல அங்கிள்!"

"இரு, வரும்."

கண்ணை மூடிக் காத்திருந்தார். கழுத்திலிருந்து குப்பென்று மாத்திரையின் சூடு ஏறியது, கோபத்துக்குப் பதில் வியர்வைதான் வந்தது.