ரெண்டு தரம் சொல்லும் அப்பா

பழனிக்குமாருக்குத் தொண்டைதான் சோறு போடுகிறது. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ஏலம் கூறுகிற வேலை. எரியோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோழி கூவுமுன்னே டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு வந்து, மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே பலகை மேல் ஏறி நின்றுவிட்டால், அதற்குப் பிறகு அந்தச் சந்தில் வேறு யார் பேசினாலும் காதில் விழாது. "எழுநூத்தி இருபது... எழுநூத்தி இருபது... நாப்பது... நாப்பது..." எந்த விலையானாலும் ரெண்டு தரம் சொல்லுவார். ஏன் என்று கேட்டால், "மொதத் தரம் காதுக்கு, ரெண்டாம் தரம் புத்திக்கு" என்பார். வியாபாரிகளும் அப்படியே பழகிவிட்டார்கள். முதல் தரத்துக்கு எவனும் கையைத் தூக்க மாட்டான். ரெண்டாவது வரட்டும் என்று வெற்றிலையை மென்றுகொண்டு நிற்பார்கள்.

ஆள் தங்கமான ஆள். குடி கிடையாது, வம்பு கிடையாது. ஆனால் வீட்டில் அவர் இருந்தும் இல்லாத கணக்குத்தான். மத்தியானம் வந்து சாப்பிட்டதும் பாயை விரித்துவிடுவார். பொழுது சாய எழுந்து தோட்டத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால், திரும்பவும் சாப்பாடு, திரும்பவும் பாய். மகள் தமிழ்மதி நாலாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து அவள் அதிகம் கேட்ட பேச்சு எது என்று பார்த்தால், அம்மா பவித்ரா வாயில் விரலை வைத்துச் சொல்லும் "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாத" என்பதுதான். சொந்த வீட்டுக்குள் அந்தப் பிள்ளை பூனை நடை நடந்து பழகிவிட்டது. "எம்மகளுக்கு என்ன பிடிக்கும்னு எவனாவது கேட்டா நான் முழிக்கத்தான் வேணும்" என்று மார்க்கெட் டீக்கடையில் ஒரு நாள் அவராகவே சொன்னார். சொல்லிவிட்டு டீயைக் குடிக்க மனசில்லாமல் வைத்துவிட்டார்.

மகளை அபாகஸ் வகுப்பில் சேர்த்தது பவித்ராதான். பேகம்பூரில் ஜீனத் டீச்சர் தன் வீட்டு மாடியில் சனிக்கிழமை தோறும் நடத்துகிறார். சட்டத்தில் கம்பி, ஒவ்வொரு கம்பியிலும் கீழே நாலு மணி, மேலே ஒரு மணி, மணியைத் தள்ளித் தள்ளிக் கூட்டலும் கழித்தலும். கொஞ்சம் தேறியதும் சட்டத்தைப் பிடுங்கி வைத்துவிடுவார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத சட்டத்தில் இல்லாத மணியைக் காற்றிலே தள்ளிக் கணக்குப் போட வேண்டும். வாசலில் நின்று பார்த்தால், அத்தனை பிள்ளைகளும் தூக்கத்தில் பூக் கட்டுவது போலிருக்கும்.

தை மாதக் கடைசியில் மதுரையில் போட்டி என்று முடிவானதும் ஜீனத் டீச்சர் பெற்றவர்களை எல்லாம் மாடிக்கு வரச் சொன்னார். பழனிக்குமார் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"பிள்ளைங்க தயாராத்தான் இருக்காங்க. உங்களைத் தயார் பண்றதுதான் எனக்குப் பெரும்பாடு" என்று டீச்சர் எடுத்த எடுப்பிலேயே போட்டார். "அன்னைக்குன்னு புதுச் சட்டை மாட்டி விடாதீங்க. கழுத்துல உறுத்துனா பிள்ளை கணக்க விட்டுட்டுச் சொறியும். ஜெயிச்சா சைக்கிள், தோத்தா வெளக்குமாறுன்னு பேசக் கூடாது. வெளிய வந்ததும் எத்தனை போட்டேன்னு கேக்காதீங்க, சாப்டியான்னு கேளுங்க." மகன் மூளைக்கு நல்லது என்று வல்லாரை லேகியத்தை வேளை தவறாமல் திணித்துக்கொண்டிருந்த மலைச்சாமி, தன்னையும் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டார். சொல்லத்தான் செய்தார்.

கடைசியில் டீச்சர் ஒரு புதுச் சங்கதியைச் சொன்னார். இந்த வருஷம் காதால் கேட்டுப் போடும் சுற்றும் உண்டு. எண்களை வாசிப்பார்கள், பிள்ளைகள் கேட்டு மனசுக்குள்ளேயே கூட்டி விடை எழுத வேண்டும். "வீட்டுல யாராவது ஒருத்தர் தினம் செத்த நேரம் எண்ணு சொல்லிப் பழக்குங்க."

பவித்ராவுக்குச் சாயங்காலம் மாட்டு வேலை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஊருக்கே எண்ணு கூவுறீங்கள்ல. வீட்டுக்கும் கொஞ்சம் கூவுங்களேன்."

அன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. அப்பாவும் மகளும் மொட்டை மாடிக்குப் போனார்கள். மார்கழிப் பனி இறங்குகிற நேரம். கிழக்கே மலை நீலமாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. தென்னந்தோப்புக்கு மேலே யார் வீட்டு அடுப்புப் புகையோ போக இடமில்லாமல் அப்படியே நின்றது. தமிழ்மதி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டாள். பழனிக்குமாருக்கு என்னவோ கோயிலில் நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"முப்பத்தேழு... முப்பத்தேழு... இருபத்தஞ்சு... இருபத்தஞ்சு... நாப்பத்தெட்டு... நாப்பத்தெட்டு... அதுல பதினாறு போக... பதினாறு போக."

அந்த மங்கலில் சின்ன விரல்கள் இறங்கின, ஏறின, நின்றன. "தொண்ணூத்தி நாலு" என்றாள். பழனிக்குமார் போனில் தட்டிப் பார்த்தார். தொண்ணூற்று நாலேதான்.

"கண்ண மூடுனா என்ன தாயி தெரியுது?"

"பூவு."

"மணின்னுல்ல டீச்சர் சொன்னாங்க?"

"எல்லாருக்கும் மணிதான் வருமாம். நீ சொல்லும்போது எனக்குப் பூவு வருதுப்பா. கீழ நாலு மல்லி மொட்டு, மேல ஒரு செவ்வந்தி. தள்ளுனா வாசங்கூட வருது."

பழனிக்குமார் இருட்டுகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தான் விற்று அனுப்பிய பூவெல்லாம் யார் யார் தலைக்கோ, எந்தெந்தச் சாமிக்கோ போகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அதில் கொஞ்சம் மகள் கண்ணுக்குள்ளும் போயிருக்கிறது. அவருக்கு அது தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பொழுதே அந்த அரை மணி நேரத்தைச் சுற்றித்தான் நடந்தது. எழுப்பாமலே எழுந்துவிடுவார். கணக்கு முடிந்ததும் கீழே இறங்க இருவருக்குமே மனசு வராது. அவள் பள்ளிக்கூடக் கதை பேசுவாள். புளிச்சாதம் பிடிக்கும், இடி பிடிக்காது, பெரியவளானால் மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று போய்ப் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியவந்தது. இப்போது யாராவது கேட்டால் முழிக்க வேண்டியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜீனத் டீச்சர் வீட்டு மாடியில் பொங்கலுக்கு முன்னால் ஒரு மாதிரிப் போட்டி வைத்தார். பெற்றவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பதிவு செய்த பெண் குரல் ஒன்று ஸ்பீக்கரில் எண்களை வாசித்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக்காவது கொஞ்சம் உயிர் இருக்கும். மற்ற பிள்ளைகளின் விரல்கள் ஓடின. தமிழ்மதியின் விரல்கள் மட்டும் காற்றில் அப்படியே நின்றன. முதல் எண் வந்தது, அவள் காத்திருந்தாள். அடுத்த எண் வந்துவிட்டது, திடுக்கிட்டாள். அவ்வளவுதான், எல்லாம் குழம்பிப் போனது. அவள் எழுதிய விடையில் ஒன்றுகூடச் சரியில்லை. பிள்ளை அழவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வீட்டுல யாரு சொல்லிக் குடுக்குறது?" என்று கேட்டார் டீச்சர்.

"நாந்தான் டீச்சர்."

"எப்படிச் சொல்லுவீங்களோ, அப்படியே இங்க சொல்லுங்கண்ணே."

அவருக்குத் தெரிந்தது ஒரே மாதிரிதான். எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, மார்க்கெட் குரலில் ஆரம்பித்தார். கீழே தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பன்மார் எல்லாம் குலுங்கிச் சிரித்தார்கள். ஆனால் தமிழ்மதி கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் துள்ளி ஓடின. அவர் முடித்த கையோடு விடையைச் சொன்னாள், சரியான விடை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜீனத் டீச்சர் சிரிக்கவே இல்லை. பழனிக்குமாரைத் தனியாக மாடிப்படிக்குக் கூட்டிப் போனார். "நீங்க ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் சொல்றீங்க. மொதத் தரத்துக்கு அவ சும்மா இருக்கா, ரெண்டாவதுக்குத்தான் விரல அசைக்கிறா. அங்க ஒரு தரம்தான் வாசிப்பாங்கண்ணே. நானும் இத மொதல்லயே சொல்லியிருக்கணும், தப்பு எம்மேலயும் இருக்கு. போட்டி முடியுறவரைக்கும் நீங்க சொல்ல வேணாம். நான் ரெக்கார்டு அனுப்புறேன், போன்ல போட்டுக் கேக்கட்டும்."

"நானே ஒரு தரமாச் சொன்னா ஆகாதா டீச்சர்?"

டீச்சருக்கு அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. "சொல்லிப் பாருங்க" என்றார்.

சொல்லிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், வாயைக் கையால் பொத்திக்கொண்டும் பார்த்தார். விக்கல் மாதிரி அந்த ரெண்டாவது தரம் வந்து விழுந்துவிடும். எப்படியோ அடக்கினால் மூச்சு 'ம்' என்று இடிக்கும், கண்ணை மூடியிருக்கிற பிள்ளை அந்த மூச்சைக் கேட்டு விரலை அசைத்துவிடும். இப்படி மூன்று நாலு சாயங்காலம் போயின. மகள் முகம் வாடிக்கொண்டே வந்தது. தன் ஆசைக்காகப் பிள்ளையைக் கெடுக்கிறோமே என்று அவருக்கே உறைத்துவிட்டது. போனை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இனிமே இது சொல்லும் தாயி."

"நீயி?"

"நான் செத்த நேரம் படுக்குறேன்."

கீழே வந்து பாயை விரித்தார். மாடியிலிருந்து அந்தப் பெண் குரல் எண்களை வாசிப்பது கேட்டது, ஒரு தரம், ஒரே ஒரு தரம். பழனிக்குமாருக்குத் தூக்கம் வரவில்லை. வேறொருத்தி தன் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிற மாதிரி வயிறு எரிந்தது. இதைச் சொன்னால் பவித்ரா சிரிப்பாள் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆனால் மனுஷன் விடவில்லை. மார்க்கெட்டில் வைத்து நாக்கைப் பழக்க ஆரம்பித்தார். "ஆயிரத்தி எண்ணூறு" என்று ஒரு தரம் சொல்லி, பல்லைக் கடித்து நிறுத்துவார். வியாபாரிகள் ரெண்டாவதுக்காகக் காத்திருந்து, அது வராமல் போக, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். "என்னப்பு, தொண்டையில சளியா?" என்று கிண்டல் பண்ணினார்கள். கடைக்காரர் முகம் சுளித்தார். அப்படியும் இப்படியுமாக நாக்கு வழிக்கு வந்தது. வந்தபோது தை மாதம் முடியப் போகிறது, மறுநாள் போட்டி.

மதுரையில் அந்த மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெற்றவர்கள் உட்கார்ந்து, டீச்சர் எதையெல்லாம் செய்யக் கூடாது என்றாரோ அதையெல்லாம் செய்தார்கள். மலைச்சாமி மகனுக்குக் கடைசி நேரத்தில் ஒரு உருண்டை லேகியம் போனது. பழனிக்குமார் எதுவும் செய்யவில்லை. உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக அந்த ஒற்றைத் தரக் குரல் மெலிசாக வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

கேட்டுப் போடும் சுற்றில் தமிழ்மதிக்கு இரண்டாம் பரிசு. தன் முழங்கை உயரக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "சாப்டியா தாயி?" என்றுதான் பழனிக்குமார் கேட்டார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பொய்யில்லாத சந்தோஷம்தான். அதற்கு அடியிலேயே இன்னொன்றும் கிடந்தது. அவர் குரல் இல்லாமலே அவளுக்கு வந்துவிட்டது, இனி அது எதற்கு? பஸ்ஸில் அவள் அம்மா மடியில் தூங்கிப் போனாள். நாளையிலிருந்து பழையபடி பாயில் கிடக்கிற ஆள்தான் நாம் என்று நினைத்துக்கொண்டே அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருட்டோடு டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தமிழ்மதி நிற்கிறாள்.

"நானும் மார்க்கெட்டுக்கு வாரேன்."

"பனியில இவ எதுக்கு? சளி பிடிக்கும்" என்று உள்ளேயிருந்து பவித்ரா கத்தினாள்.

"போன்ல வெறும் மணிதாம்ப்பா வந்துச்சு" என்றாள் மகள், அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பூவே வரல."

அவர் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டார். பனிக்குள் சாலை எங்கே போகிறதென்றே தெரியவில்லை. முதுகில் அவள் கன்னத்தின் சூடு மட்டும் தெரிந்தது. மார்க்கெட்டில் விளக்குக்குக் கீழே மல்லிகையும் செவ்வந்தியும் குவிந்து கிடந்தன, பனியும் வாசமும் ஒன்றாகக் கலந்திருந்தன. மகளை ஒரு சாக்கு மேல் உட்கார வைத்துவிட்டுப் பழனிக்குமார் பலகையில் ஏறினார்.

"ஆயிரத்தி அறுநூறு" என்றார், ஒரு தரம். பழக்கிய நாக்கு அதோடு நின்றுவிட்டது.

வியாபாரிகள் வெற்றிலையை மென்றுகொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். ரெண்டு கையும் நெஞ்சுக்கு நேரே இருந்தன. விரல்கள் காற்றில் அப்படியே நின்றன, அசையவில்லை.

ஒரு தரம் கேட்டுப் போடத் தெரிந்த பிள்ளை அது. கோப்பை வாங்கின பிள்ளை. அவரிடம் மட்டும் ரெண்டாவதுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

பழனிக்குமார் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னார். "ஆயிரத்தி அறுநூறு."

அவள் விரல்கள் பூவைத் தள்ளின.