காசு வைத்து அளந்த காயில்

எங்கள் ஊர் ஷாஜிங்கில் காயில் வாங்க இரண்டு வழி உண்டு. எங்கள் மார்க்கெட்டின் நூற்றெண்பது கடையிலும் ஏறி இறங்கி, செருப்பு தேய்ந்து, கால் தேய்ந்து, முழங்காலோடு வீடு போய்ச் சேருவது ஒரு வழி. நேராக இரண்டாம் மாடிக்கு வந்து ஃபாங்ஜு அக்காவிடம் கேட்பது இன்னொரு வழி.

காயில் என்பது சுண்டைக்காய் அளவு இரும்புக் குப்பி. உள்ளே கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் கம்பி. ஆவி சிகரெட் டேங்குக்குள் உட்கார்ந்துகொண்டு ஜூஸைச் சூடாக்கிப் புகையாக்கும். இரண்டு வாரத்தில் கருகிவிடும். கருகினால் அதே அளவில், அதே மரையில் வேறொன்று போட வேண்டும். ஒரு மயிரிழை பெருத்தால் உள்ளே போகாது. ஒரு மயிரிழை சிறுத்தால் ஜூஸ் ஒழுகிச் சட்டைப் பையில் குளம் கட்டும். டேங்க் செய்த கம்பெனியோ ஆறே மாதத்தில் அடுத்த மாடலுக்குத் தாவியிருக்கும். பழைய டேங்கைக் கையில் வைத்திருப்பவன் பெண்டாட்டி ஓடிப்போனவன் மாதிரி மார்க்கெட்டில் அலைவான். அப்படி அலைந்தவர்களுக்கெல்லாம் ஃபாங்ஜு அக்காதான் துணை.

அக்கா ஹூனான்காரி. மிளகாயைப் பழம் என்று நினைக்கிற சாதி. பத்தொன்பது வயதில் இங்கே வந்து, ஒன்பது வருஷம் ஃபாக்டரியில் கம்பி சுற்றியவர். ஃபாக்டரி மூடிய அன்று எல்லாரும் அழுதுகொண்டே வெளியே வர, இவர் மட்டும் சோற்று டப்பாவுக்குள் சூப்பர்வைசரின் வெர்னியர் அளவுகோலை வைத்துக்கொண்டு வந்தார். அந்த வெர்னியர்தான் கடைக்கு மூலதனம். பின்சுவரில் ஒரு பலகை, பலகையில் நானூறு ஆணி, ஆணிக்கு ஒரு காயில். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவி, 'இது தெற்கு கேட் ஃபாக்டரி சரக்கு, செவ்வாய்க்கிழமை செஞ்சது' என்பார். செவ்வாய்க்கிழமை நான் சேர்த்தது. மீதி நிஜம்.

பக்கத்துக் கடை என்னுடையது. டேங்குக்குக் கண்ணாடிக் குழாயும் ரப்பர் வளையமும் விற்கிறேன். அதனால் அந்த அக்டோபர் வாரத்தில் அக்கா பட்டதையெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் புருஷன் தெஷெங் போன் செய்தார்; அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். குய்ஜோ மலையில் சுரங்கப் பாதை வெட்டுகிற இடத்தில் டிப்பர் ஓட்டுகிறார். முன்பு ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் சிகரெட். அவர் இருமினால் மலை தானாகவே இடியும், வெடி மருந்து மிச்சம் என்று கம்பெனி சந்தோஷப்பட்டது. போன வருஷம் நுரையீரல் படத்தில் ஒரு நிழல் விழுந்தது. "சிகரெட்டை விடு. விடலேன்னா அடுத்த தடவை நீ வராதே, உன் சம்சாரத்தை மட்டும் அனுப்பு" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆவியையும் விடச் சொன்னார்தான். அதற்கு நம்மாள் தலையாட்டியதோடு சரி. ஆனால் பதினாலு மாதமாக ஒரு சிகரெட் கூடத் தொடவில்லை.

"ஃபாங்ஜு, என் காயில் கருகிப்போச்சு. கடைசி காயில்."

"எந்த காயில்? நான் குடுத்த புது டேங்குக்குத்தான் முப்பது காயில் வச்சேனே?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம். "அது... கெட்டில் மூக்கைச் சப்புற மாதிரி இருந்துச்சு. ஊருக்குப் போன ஒரு டிரைவர்கிட்ட அதைக் குடுத்துட்டு, அவனோட பழைய டேங்கையும் ஒரு டப்பா காயிலையும் வாங்கிக்கிட்டேன். பேரு ஊரு எதுவும் போடல. அதுலதான் இழுத்துக்கிட்டிருக்கேன்."

மார்க்கெட்டையே கட்டி ஆளும் காயில் ராணியின் புருஷன் பதினாலு மாதம் பெயர் தெரியாத காயிலில் புகை விட்டிருக்கிறான்! நான் சிரித்த சிரிப்பில் என் கடைக் கண்ணாடிக் குழாய் இரண்டு உடைந்தது.

"யோவ், அளவு சொல்லு."

"சுண்டுவிரல் நகம் அளவு."

"யாரு சுண்டுவிரல்? உன் சுண்டுவிரல் வெள்ளரிக்காய் சைஸ்ல இருக்கும். காசு வச்சு போட்டோ எடுத்து அனுப்பு."

எங்கள் தொழிலில் அதுதான் அளவு. பொருள் பக்கத்தில் ஒரு யுவான் காசை வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போட்டால் போதும். காசு இருபத்தைந்து மில்லிமீட்டர் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். போன் திரையில் காசை அளந்து, பொருளை அளந்து, கணக்குப் போட்டுவிடுவோம். கடைக்குக் கடை படம் எடுப்பதற்கென்றே ஒரு காசு இருக்கும். மற்றபடி காசை யார் தொடுகிறார்கள்? டீ குடித்தாலும் போனை நீட்டி கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிவிட்டு வந்துவிடுவோம்.

படம் வந்தது. காயில், பக்கத்தில் பூப்போட்ட பக்கம் தெரிகிற மாதிரி ஒரு யுவான். அக்கா திரையில் வெர்னியரை வைத்தார். பதினாலரை மில்லிமீட்டர்.

"வியாழக்கிழமை அஞ்சு மணி பார்சல்ல போட்டாத்தான் சனிக்கிழமை மலைக்கு ஏறும்" என்றார் தெஷெங். "வாரத்துக்கு ஒரே வேன். வேற டேங்க் எனக்கு ஒத்து வராது. இந்த டேங்கை அங்க அனுப்பி நீ பாத்து திருப்பி அனுப்பறதுன்னா ரெண்டு வாரம். இங்க பதினோரு பேர் ஃபாங்ஜு. பதினோரு பேரும் என்னைப் பாத்ததும் சிகரெட்டை நீட்டறாங்க. டேங்க் கையில இருந்தா அதைக் காட்டித் தப்பிப்பேன். வெறுங்கையோட எத்தனை நாளைக்குத்தான் வேணாம் வேணாம்னு சொல்றது? சனிக்கிழமை வரைக்கும் தாங்குவேன். அதுக்கு மேல சத்தியமாத் தெரியல."

அக்கா போனை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். நானூறு ஆணியில் ஒன்றிலும் அது இல்லை. படத்தை மார்க்கெட் குரூப்பில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடி குவாங் அண்ணன் இறங்கி வந்தார். யாரும் வாங்காத பழைய சரக்கை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்து அதன் மேலேயே தூங்குகிறவர். கையில் ஒரு காயில்.

"குரூப்ல பாத்தேன். உன் படத்துல இருக்கறது இதேதான். கழுத்துல ரெட்டைக் கோடு இருக்கு பாரு."

அக்கா வெர்னியரை வைத்தார். "பதிமூணுக்குக் கொஞ்சம் கம்மி. எனக்கு வேண்டியது பதினாலரை. அண்ணே, இதைக் கொண்டுபோய் பேரனோட பொம்மைக்கு மாட்டிவிடுங்க. பொம்மை புகை விடட்டும்."

மாடி முழுக்கச் சிரிப்பு. அதிகம் சிரித்தது நான்தான், மறைக்க மாட்டேன். குவாங் அண்ணனின் காது வெந்த நண்டு மாதிரி சிவந்தது. காயிலைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

புதன்கிழமை ராத்திரி வரை அக்கா நாற்பது ஃபாக்டரிக்குப் போன் போட்டார். போன் சூட்டில் முட்டை பொரிக்கலாம். கடைசியில் ஒரு ஃபாக்டரித் தோழி பதினாலரையில் முப்பது கொடுத்தனுப்பினாள். அளவு சரி. மரையும் சரியாக இருக்கும் போலத்தான் தெரிந்தது. கழுத்தில் மட்டும் ஒற்றைக் கோடு. "கோடு என்ன கோடு" என்று அக்கா வியாழக்கிழமை மதியமே பார்சலைக் கட்டிப் பார்சல்காரனிடம் கொடுத்துவிட்டார்.

நாலு மணிக்கு அட்டைப்பெட்டி எடுக்கிற மெய் அக்கா வந்தாள். இந்த மார்க்கெட்டிலேயே இன்னமும் காசாகக் கொடுக்கிற ஒரே ஆள். அட்டையை எடை போட்டுவிட்டு நாலு காசை மேசையில் வைத்தாள். அதில் ஒன்றை ஃபாங்ஜு அக்கா விரலால் தடவினார். தடவின விரல் அப்படியே நின்றது.

"மெய், இது கள்ளக்காசு."

"என்னது? பாங்க்ல வரிசையில நின்னு வாங்கினதுடீ! புதுக் காசு. ரெண்டு மாசமா சின்னதாத்தான் வருது. நீங்கல்லாம் போனை நக்கிக்கிட்டே திரியறீங்க, உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

அக்கா வெர்னியரை எடுத்தார். இருபத்திரண்டே கால். இன்னொரு தடவை அளந்தார். அதே இருபத்திரண்டே கால். தெஷெங் படத்தில் வைத்தது இந்தப் புதுக் காசாக இருந்தால் என்று கால்குலேட்டரைத் தட்டினார். பதினாலரை காணாமல் போய், அந்த இடத்தில் பன்னிரண்டு புள்ளி ஒன்பது வந்து நின்றது. பதின்மூன்றுக்குக் கொஞ்சம் கம்மி.

அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் மாடிப்படி இறங்கிப் போய்விட்டது. போனை எடுத்தார்.

"யோவ், நீ படம் எடுத்த காசு எங்க? திருப்பிப் பாரு, எந்த வருஷம்னு போட்டிருக்கு?"

"அந்தக் காசு இல்லையே. கடையில குடுத்துட்டேன்."

"என்ன வாங்கின?"

"சும்மா, ஒரு சின்னச் சாமான்."

"தெஷெங். ஒரு யுவானுக்கு என்ன வாங்கின?"

"லைட்டர்."

போன் கட்டானது. மலையில் சிக்னல் அப்படித்தான், வந்தால் வரும். அக்கா மறுபடி மறுபடி அழுத்தினார், கிடைக்கவில்லை. நான் ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் ஜோக் தொண்டைக்குள்ளேயே கருகிப்போனது.

"குவாங் அண்ணன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடினார்.

குவாங் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்: "பழைய சரக்கெல்லாம் பழைய இரும்புக்குப் போடப் போயிருக்காரு. பொம்மைக்குக்கூட ஆகாததுன்னு யாரோ சொன்னாங்களாம்."

நாலு இருபது. என் பேட்டரி வண்டியில் அக்காவை ஏற்றினேன். அந்த வண்டியை ஆமை கூட ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லும். அன்று என்னவோ பறந்தது. அக்கா பின்னால் உட்கார்ந்து என் முதுகில் குத்திக்கொண்டே வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இரும்புக் கடை. குவாங் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூட்டை தராசின் மேல் இருந்தது.

"அண்ணே, அந்தக் காயில் வேணும்."

"எந்தக் காயில்?" அண்ணன் டீயை ஊதினார். "உன் வீட்டுல பொம்மை இருக்கா என்ன?"

அக்கா மூட்டையின் மேல் கையை வைத்தார். பிறகு சொன்னார்: "இருக்குண்ணே. அம்பத்திரண்டு வயசுப் பொம்மை. இருமுற பொம்மை. இப்ப லைட்டர் வாங்கியிருக்கு."

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "முதல்லயே சொல்றதுக்கென்ன, எருமை" என்று திட்டிக்கொண்டே மூட்டையின் வாயைக் கத்தியால் கிழித்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தோம். ஒரே மூட்டையில் ஐந்து வகை. எல்லாம் கலந்து கிடந்தன, குறைந்தது ஒரு லட்சம் காயில் இருக்கும். சரி, மூவாயிரம். மணி நாலு முப்பத்தெட்டு. நானும் குவாங் அண்ணனும் ரெட்டைக் கோட்டைத் தேடினோம். துருவும் எண்ணெயும் மூடி ஒரு கோடும் தெரியவில்லை. வெர்னியரால் ஒவ்வொன்றாக அளந்தால் அடுத்த அக்டோபர் ஆகும்.

அக்கா தரையில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இரண்டு கையையும் மூட்டைக்குள் விட்டார்.

எடுத்தார், போட்டார். எடுத்தார், போட்டார். ஒன்று மடியில் விழுந்தது. நான் அளந்தேன்: பன்னிரண்டு புள்ளி ஒன்பது. அடுத்தது. அதுவும். ஒன்றுகூடத் தப்பவில்லை.  இரும்புக் கடைக்காரன் கையிலிருந்த சிகரெட் தானாக எரிந்து அவன் விரலைச் சுட்டது, அப்போதும் கத்தவில்லை. பதினொன்று சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது.

"போதும்க்கா, எந்திரி!"

நாங்கள் மார்க்கெட் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்சல்காரன் வேன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். அக்கா கதவுக்கு நடுவில் கையை விட்டார்.

"அக்கா, கை போயிரும்!"

"போனாப் போகட்டும், இன்னொரு கை இருக்கு. என் பார்சலை எடுடா."

பார்சலைப் பிரித்து, பதினொன்றையும் ஒரு சாக்ஸில் போட்டுப் பெருத்த காயில்களுக்கு மேலே வைத்து மறுபடி ஒட்டினோம். கோந்து நாடாவை என் பல்லாலேயே கடித்தேன். வேன் போனது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் மலையிலிருந்து போன் இல்லை. சின்னதும் சேரவில்லையென்றால்? அது பழைய காசாகவே இருந்திருந்தால்? பெருத்ததாவது சேருமா? பார்சல் போய்ச் சேரும் முன்னாலேயே பதினோரு பேரில் ஒருவன் ஜெயித்துவிட்டால்? அக்கா நூடுல்ஸில் மிளகாய் போட்டுக்கொள்ள மறந்தார். ஹூனான்காரி மிளகாயை மறந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான். குவாங் அண்ணன் மணிக்கு ஒரு தடவை சும்மா இறங்கி வந்து, சும்மா நின்று, சும்மா ஏறிப் போனார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். முதலில் 'குர்ர்ர்' என்று மெல்லிசாக ஒரு இழுப்புச் சத்தம், பிறகு நீளமாக ஒரு மூச்சு.

"சின்னதுதானே?" என்றார் அக்கா.

"சின்னதுதான். பெருசு வாசல்லயே நின்னுருச்சு. அந்த சாக்ஸ் யாரோடது? நாறுது."

என்னுடையது. மாடியே கைதட்டியது. குவாங் அண்ணன் தன் காது சிவந்ததையெல்லாம் மறந்து என் முதுகில் அறைந்தார், இன்னும் வலிக்கிறது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த லைட்டரைக் கொளுத்தினியா?"

"சேச்சே."

"வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்துல காசு வை. வருஷம் தெரியற பக்கமா வை."

படம் வந்தது. பச்சை நிற ஒரு யுவான் லைட்டர், உள்ளே திரவம் கழுத்து வரை. பக்கத்தில் 2019 என்று போட்ட காசு. அக்கா போனைச் சாய்த்து வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் வெர்னியரை வைத்தார். நாங்கள் எல்லாரும் அவர் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டினோம்.

"அரை மில்லிமீட்டர் குறையுது" என்றார் போனில். "ரெண்டு தடவை கொளுத்தியிருக்க."

தெஷெங் இரண்டு தடவை இருமினார்.

"ஒரு தடவை கடையில எரியுதான்னு பாத்தது. இன்னொண்ணு சமையக்காரன் அடுப்புக்கு. நேத்து ராத்திரி சிகரெட்டை வாயில வச்சேன், ஃபாங்ஜு. வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் எடுத்து நீட்டினவன்கிட்டயே குடுத்துட்டேன்."

அக்கா வெர்னியரை மூடினார். "லைட்டரையும் அந்தச் சமையக்காரன்கிட்டயே குடுத்துரு" என்றார். "இப்பவே குடு. குடுத்துட்டு அவன் கையில இருக்கற மாதிரி இன்னொரு போட்டோ அனுப்பு."

அந்தப் படம் வரும்வரை கடைக்கு வந்த மூன்று வாடிக்கையாளரையும் நிற்க வைத்தார்.