வானகரம் மீன் மார்க்கெட்டிலிருந்து எட்டாவது பாதைக்கு

கார் இல்லாத குடும்பங்கள் எங்கே, எப்படி, எவ்வளவு செலவில் போய் வரலாம் என்றுதான் இங்கே எழுதி வருகிறேன். ஏலகிரி, பழவேற்காடு, கடைசியாக ஒகேனக்கல். இந்த முறை நாங்கள் போனது வேப்பம்பட்டிலிருந்து பூந்தமல்லியைக் கொஞ்சம் தாண்டி. மொத்தமே முப்பது கிலோமீட்டருக்குள். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். ஒகேனக்கல் பரிசலில்கூட என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

காரணம் என் கணவர் செல்வம். வயது முப்பத்தாறு. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் டீக்கடைக்குப் போனால் இவர் குளத்துக்குப் போவார். ஐம்பது மீட்டர் பட்டர்ஃபிளைதான் அவருடைய போட்டி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே வீசி, இரண்டு கால்களையும் சேர்த்து மீன் வால் மாதிரி அடித்து நீந்த வேண்டும். குளத்தின் ஒரு நீளம், அவ்வளவுதான். நீங்கள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

தொழிலாளர்களுக்கான சர்வதேச நீச்சல் போட்டி நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் நடக்கும். முதல் தடவை தேர்வின்போது தோள்பட்டை பிசகியது. அடுத்த தடவை தேர்வாகியும், அணியையே அனுப்பவில்லை. இந்தத் தடவை போட்டி நம் ஊருக்கே வந்தது, அவரும் தேர்வானார். அடுத்தது வரும்போது அவருக்கு நாற்பது வயது. "இதுதான் கடைசி கவிதா" என்று சொல்லிவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்கினார். நான் கரூர்க்காரி. எனக்கு நீச்சல் என்றால் அமராவதியில் முட்டளவு தண்ணீர். ஆனால் அந்தக் "கடைசி" என்ற சொல் எனக்குள்ளும் தங்கிவிட்டது.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறு. காலை 5.50 மின்சார ரயிலில் வேப்பம்பட்டில் ஏறி ஆவடியில் இறங்கினோம். இருபது நிமிடம். ஆவடி பேருந்து நிலையத்திலிருந்து பூந்தமல்லிக்கு அந்த நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து இருக்கிறது. பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் காற்று நன்றாக இருக்கும். சாதாரணப் பேருந்து என்பதால் எனக்கு இலவசம். பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். நசரத்பேட்டையைத் தாண்டி ஒரு தனியார் வளாகத்தின் வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். 7.15க்குள் உள்ளே போய்விட்டோம். பார்வையாளர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, கழிப்பறை சுத்தம், கேன்டீனில் இட்லி மட்டும் தேறும்.

தகுதிச் சுற்று 9.40க்கு. எல்லாச் சுற்றுகளையும் சேர்த்து வேகமான எட்டுப் பேர் மாலையில் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். செல்வம் குதித்தது அழகாக இருந்தது, பாதித் தூரம் வரை அருமை. சுவருக்குப் பக்கத்தில் போனதும் ஏதோ ஆனது. கையை வீசவும் முடியாமல், வீசாமல் இருக்கவும் முடியாமல், நீட்டியபடி மிதந்துபோய்த் தொட்டார். மின்பலகையில் 26.58 விநாடி என்று வந்தது. எல்லாச் சுற்றும் முடிந்தபோது அவர் ஒன்பதாவது. எட்டாவது இடத்தில் குணா என்று ஒரு மலேசியக்காரர், 26.41.

செல்வம் உடை மாற்றிக்கொண்டு வந்து பையைத் தோளில் போட்டார்.

"சுவத்துக்குப் போறப்ப கைக்கணக்கு தப்பாயிடுச்சு. வா, போலாம்."

"இருந்து ஃபைனல் பார்க்கலாமேங்க?"

"என்னால முடியாதும்மா. வானகரம் போய் மீன் வாங்கிட்டு ஊட்டுக்குப் போலாம். வஞ்சிரம் குழம்பு வை."

மனசு நொந்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். கல்யாணமான இந்த நான்கு வருடத்தில் தெரிந்துகொண்டது. கிளம்பினோம்.

வானகரம் மீன் மார்க்கெட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஞாயிறு காலையில் அங்கே நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மை நகர்த்திக்கொண்டு போகும். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். ஒரு கிலோ வஞ்சிரம் 900 ரூபாய் சொல்லி 820க்குக் கொடுத்தார்கள். வெட்டித் தர தனியாக 40. துண்டு போட்டு, ஐஸ் வைத்து, பையில் கட்டிக் கையில் வாங்கியபோது மணி 11.25. அப்போதுதான் அணி மேலாளரின் போன்.

"செல்வம், எங்கய்யா இருக்க?"

"மார்க்கெட்ல, சார்."

"மார்க்கெட்லயா! உன் பாதையில சுவத்துல இருக்கற தொடுபலகை சரியா பதிவு பண்ணலையாம். கையில ஓட்டின கடிகாரத்த வச்சுத் திருத்திட்டாங்க. உன் டைமும் 26.41. மலேசியாக்காரனும் நீயும் சமம். ரெண்டு பேரு மட்டும் மறுபடி நீந்தணும், ஜெயிக்கறவன் ஃபைனல். பன்னெண்டேகாலுக்கு! ஓடியா!"

இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடத் தொடங்கினார். நான் மீன் பையோடு பின்னால்.

வெளியே நின்ற முதல் ஆட்டோவில் ஏறினோம். பதின்மூன்று கிலோமீட்டர். டிரைவர் 400 கேட்டார். பேரம் பேசாமல் நான் ஏறிய முதல் ஆட்டோ அதுதான்.

"இன்னா சார் அவசரம்? ஆஸ்பத்திரியா?"

"நீச்சல் போட்டிண்ணா. இவரு நீந்தணும், பன்னெண்டேகாலுக்கு," என்றேன்.

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கையில் மீன், முடியில் ஈரம்.

"இந்தியாவுக்கா?"

"இந்தியாவுக்குத்தான்."

"அப்போ கெட்டியா புட்சிக்கோங்க."

அவர் பெயர் பாஸ்கர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் ஓட்டிய விதத்தை முழுதாக எழுதினால் படிக்கிற போலீஸ்காரர்கள் யாராவது வருத்தப்படுவார்கள். வேலப்பன்சாவடியில் எல்லாமே நின்றுவிட்டது. ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்த கார்கள் இரண்டு வரிசையாகச் சாலையை அடைத்திருந்தன. "இதுல மாட்டிக்கினா சாயங்காலந்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே சர்வீஸ் ரோட்டில் திருப்பி, தண்ணீர் லாரிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்தார். பூந்தமல்லி பைபாஸில் ஏறியபோது 12.08. செல்வம் பின்சீட்டில் தோள்களைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. வலிக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாசலில் இறங்கும்போது 12.24. முடிந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்தேன். வராதவர் தோற்றவர், அதுதான் விதி. இவர் உள்ளே ஓட, நான் ஓட, "இம்மாந்தூரம் வந்துட்டு பார்க்காம போனா எப்டி" என்று பாஸ்கரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தார்.

குளம் அமைதியாக இருந்தது. குதிக்கும் மேடைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். குணா. செல்வத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து கை கொடுத்து, மலேசியத் தமிழில் சொன்னார்.

"வாங்கண்ணே. நேரத்த பன்னெண்டே முக்காலுக்கு மாத்தியாச்சு. அவசரம் இல்ல லா, மெதுவா மூச்சு விடுங்க."

மேலாளர்தான் விளக்கினார். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் நேரத்தைத் தள்ளிவைக்கலாமாம். அதிகாரிகள் கேட்டதுமே குணா சரி என்றிருக்கிறார். காலையில் நிம்மதியாக எட்டாவது இடத்தில் இருந்த மனிதர். திருத்தத்தால் அது பறிபோய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலே திரும்பக் கிடைத்திருக்கும். நான் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏன் சார் காத்திருந்தீங்க?"

"ஆள் இல்லாத குளத்துல ஜெயிச்சிட்டு, கிள்ளானுக்குப் போயி வீட்டுல என்னான்னு சொல்றது?"

கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவராம். தாத்தா காலத்திலேயே குடியேறிய குடும்பம்.

12.45. எட்டுப் பாதையில் இரண்டு பேர் மட்டும். விசில், பிறகு அமைதி, பிறகு குதிப்பு. நீருக்கடியிலிருந்து முதலில் குணாவின் தலைதான் வெளியே வந்தது. பாதி வரை அவர்தான் முன்னால். பாஸ்கர் என் காது கிழிய "உடாத சார், உடாத!" என்று கத்தினார். கடைசிப் பத்து மீட்டரில் இரண்டு ஜோடிக் கைகளும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. செல்வம் 26.02. குணா 26.11.

குணா கயிற்றுக்கு மேலே எட்டி இவரைக் கட்டிக்கொண்டார். கரையேறியதும் இவர் தோளில் தட்டிச் சொன்னது எனக்கும் கேட்டது: "அண்ணே, சுவத்துக்கு முன்னால ஒரு சின்ன வீச்சு கூடப் போடுங்க. நீங்க மிதந்துதான் வர்றீங்க. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

ஐஸ் உருகி மீன் பையிலிருந்து சொட்டத் தொடங்கியிருந்தது. பையை பாஸ்கரிடம் கொடுத்தேன். "ஊட்ல குழம்பு வைக்கச் சொல்லுங்கண்ணா." முதலில் வேண்டாம் என்றார், பிறகு பிரித்துப் பார்த்தார். "வஞ்சிரமா!" என்று வாங்கிக்கொண்டு, இறுதிப் போட்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலை 5.30. இறுதிப் போட்டி. எட்டாவதாக வந்தவருக்கு ஓரத்துப் பாதை. சுவரில் மோதித் திரும்பும் அலை முழுக்க அந்தப் பாதையில்தான் அடிக்கும் என்று குணா சொன்னார். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் மலேசியத் துண்டு, வாயில் செல்வத்தின் பெயர். நடுப் பாதைகளில் ஒரு பிரேசில்காரரும் ஒரு இத்தாலியரும். இருவருக்கும் செல்வத்தைவிடப் பத்து வயதாவது குறைவு.

குதித்தார்கள். எங்கள் இடத்திலிருந்து ஓரத்துப் பாதை சரியாகத் தெரியவில்லை. ஏழு பேர் கிளப்பிய வெள்ளை நுரைக்குப் பின்னால் ஒரு நீலத் தொப்பி எழுந்து எழுந்து மறைந்தது. நடுவில் இருந்த இரண்டு பேர் தனியாகப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஒரே வரிசையில். சுவரை நெருங்கும்போது குணா எழுந்து நின்று, "இப்ப! இப்பப் போடு!" என்று அலறினார். நுரைக்கு மேலே அந்த நீலத் தொப்பி ஒரு முறை கூடுதலாக எழுந்தது. குட்டையான, அவசரமான ஒரு வீச்சு. பிறகு எல்லாக் கைகளும் சுவரில்.

பலகையில் பாதை வரிசைப்படி பெயர்கள் வந்தன. எட்டாவது வரிக்கு நான் வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது. செல்வம், இந்தியா, 25.74. அதற்குப் பக்கத்தில் ஒரு 3.

மூன்று. நான்காவது ஆளுக்கு 25.77.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று குணாவைத்தான் கேட்க வேண்டும். அவர் சொன்னபடி நான் நாற்காலிமேல் ஏறி நின்றேனாம். தண்ணீரில் செல்வம் பலகையைப் பார்க்காமல் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனாவது என்று கண்ணால் கேட்டபடி. நான் மூன்று விரலைக் காட்டினேன். நம்பாமல் திரும்பிப் பலகையைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் தண்ணீரை ஓங்கி அறைந்து, எனக்கு இதுவரை தெரியாத ஒரு குரலில் கத்தினார். அந்தக் குரல் அவருக்குள் எட்டு வருடமாக இருந்திருக்கிறது.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. இந்த வளாகத்தில் அடிக்கடி நீச்சல் போட்டிகள் நடக்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போகலாம், நல்ல பொழுது. காலையில் ஆவடி வழியாகப் போவதே சுலபம். அம்பத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பைபாஸ் பிடித்து வானகரத்தில் திரும்பலாம், ஆனால் ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்த நாளில் வேண்டாம். எட்டாம் பாதை தெரிய வேண்டுமென்றால் நுழைந்ததும் இடது பக்கம் உட்காருங்கள். உங்கள் ஆள் நீந்துகிறார் என்றால் எங்களைப் போலக் கிளம்பிவிடாதீர்கள். பலகையில் வருவது முடிவல்ல. நடுவர் கையெழுத்திட்ட தாளைச் சுவரில் ஒட்டும்வரை அங்கேயே இருங்கள். தோற்றுவிட்டோம் என்று நமக்கு நாமே முடிவுகட்டிக்கொள்வதில்தான் எவ்வளவு அவசரம் நமக்கு!

ஆவடியில் இரவு 8.10 ரயில். உட்கார இடம் கிடைத்தது. எதிரே இருந்த அம்மா, செல்வத்தின் சட்டைக்கு வெளியே தொங்கிய பதக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா அது, ஆபீஸ்ல குடுத்தாங்களா?"

"சும்மா ஒரு போட்டிம்மா," என்றார் இவர்.

நான் விடவில்லை. "பதினாலு நாட்டுக்காரங்க வந்த நீச்சல் போட்டிம்மா. இவரு மூணாவது."

"பதினாலு நாடா? குடு பார்ப்போம்!"

அவர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் எடை பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குக் கொடுத்தார். யாரோ போட்டோ எடுத்தார்கள், யாரோ குழந்தை கழுத்தில் மாட்டிப் பார்த்தார்கள். பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று ஒவ்வொரு நிலையமாகப் பதக்கம் பெட்டி முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. திருநின்றவூர் தாண்டியபோதுதான் செல்வத்தின் கைக்குத் திரும்பி வந்தது. அவர் அதை என் உள்ளங்கையில் வைத்தார். அத்தனை பேர் கைச் சூடும் அதில் இருந்தது.