உள்ளே இருக்கும் மெஷின்

ரிமோட்டில் ஓடும் கார் விற்கிற கடை அது. பொம்மைக் கார் என்று வாய் தவறிச் சொன்னால் வருகிறவர்களின் முகம் கோணிப்போகும். மாடல் கார் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் காதோரம் நரைத்த ஆட்கள். பிள்ளைக்கு என்று வீட்டில் சொல்லி வாங்குவார்கள். அந்தப் பிள்ளை காரைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும்.

கடையின் முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் அத்தானும். நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறையில், சின்னவள். நாற்பத்திரண்டு வயதாகியும் அக்கா வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தையல் கம்பெனியில் பதினெட்டு வருஷம் மெஷின்களைக் கழற்றி மாட்டினாள். கம்பெனியை மூடியதும் அக்கா வீட்டுக்கு வந்தாள். ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சம். அதனால் அந்தத் திரை அவளுக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. அதில் ஒரு சின்னக் கிழிசல் உண்டு. அதன் வழியே பார்த்தால் கடை முழுக்கத் தெரியும்.

இந்தக் கார்களில் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே ஆறு பட்டை உள்ள ஒரு சின்னக் கட்டை இருக்கும். அது நழுவாமலிருக்க, அச்சுக்குக் குறுக்கே தீக்குச்சி கனத்தில் ஒரு இரும்பு முள் செருகியிருக்கும். சேறும் தண்ணீரும் பட்டால் முள் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். ஆண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சுத்தியலை எடுப்பார்கள். அடித்த அடியில் முள்ளின் தலை காளான் மாதிரி விரியும். விரிந்தது எப்படி ஓட்டை வழியே வரும்? வராது. இன்னும் ஓங்கி அடிப்பார்கள். பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து, "தானாவே இப்படி ஆயிடுச்சுங்க" என்பார்கள்.

"கவலையே படாதீங்க. உள்ளே மெஷின் இருக்கு. வெளிநாட்டு மெஷின்" என்பார் அத்தான்.

அந்த மெஷின் சின்னவள்தான்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கை எடுப்பாள். எண்ணெய் விட்டுக் காத்திருப்பாள். எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று பார்த்து அதை அரத்தால் தேய்ப்பாள். ஈயம் பற்றவைக்கும் கரண்ட் கோலை அச்சில் வைத்துச் சூடு காட்டுவாள். ஓட்டை போட்ட மரக்கட்டையின் மேல் அச்சைப் படுக்கவைத்து, உடைந்த டிரில் பிட்டின் வால் பக்கத்தை முள்ளின் மேல் நிறுத்திச் சின்னச் சின்னதாகத் தட்டுவாள். முள் அசைந்துவிட்டால் சத்தம் மாறும். டங் என்பது டொக் என்றாகும். அவ்வளவுதான் வெளிநாட்டு மெஷின்.

ஒரு நாள் அவள் கேட்டாள். "அத்தான், ஒரே ஒரு தடவை, இது நான் செய்யறதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

"உனக்குக் கிறுக்கா? பொம்பளை சுத்தி வெச்சுத் தட்டறான்னா எவன் கார் கொடுப்பான்? மெஷின்னாதான் நம்புவானுங்க."

"நான் சும்மா உக்காந்து சாப்பிடறேன்னுதானே அக்கா நினைச்சிட்டிருக்கா."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறா. நீ வேலையைப் பாரும்மா."

அவள் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் கேட்டது மனதில் அப்படியே இருந்தது.

வருகிறவர்களிலேயே பெரிய அலட்டல் பல் டாக்டர்தான். அவர்கள் கிளப்பின் சாம்பியனாம். எட்டுப் பெரிய மனிதர்கள் மைதானத்தில் முழ நீளக் காரை விரட்டி, அதில் முதலில் வந்தவர். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிறவருக்கு ஒரு முள்ளைப் பிடுங்க வரவில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து முறை வந்தார். ஆறாவது முறை அத்தானின் தோளில் கை போட்டார்.

"அந்த மெஷினை எனக்கே கொடுத்துடுங்க. கிளினிக்ல வெச்சுக்கறேன்."

அத்தான் திரையைத் திரும்பிப் பார்த்ததைக் கிழிசல் வழியே சின்னவள் பார்த்தாள். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தாள். "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றார் அத்தான்.

யோசித்தார். பழைய சாமான் கடையில், பெல்ட்டுக்கு ஓட்டை போடும் கைப்பிடி மெஷின் ஒன்றைப் பிடித்துவந்தார். அவள் அறையிலேயே வைத்து அதற்கு நீலப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் நாற்றத்தில் அவளுக்கு இரண்டு நாள் தலைவலி. டாக்டர் அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தூக்கியிருக்க மாட்டார்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தார். மறுநாள் பந்தயம். கூடவே கிளப்பைச் சேர்ந்த வங்கி மேனேஜர். டாக்டர் மேசைமேல் இரண்டு அச்சுகளை வைத்தார். ஒன்று மெஷின் அழுத்தியதில் வாழைத்தண்டை மிதித்தது போல நசுங்கிக் கிடந்தது. இன்னொன்றில் முள் அசையாமல் நின்றது.

"உங்க மெஷின் சரியில்ல சார்."

"நீங்க அழுத்தின விதம் சரியில்லாம இருக்கும் டாக்டர். இருங்க." அத்தான் நசுங்காத அச்சை எடுத்துக்கொண்டு திரைக்கு உள்ளே வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. "ஏம்மா, சீக்கிரம்."

"மெஷினைத்தான் வித்தாச்சே" என்றாள் சின்னவள்.

"விளையாடற நேரமா இது? மானம் போயிடும்."

"யார் மானம்? போய் என் பேரைச் சொல்லுங்க. சொன்ன அடுத்த நிமிஷம் எடுத்துத் தரேன்."

அவர் அவளை முறைத்தார். அவள் அச்சைத் தொடவில்லை. அவர் அச்சோடு வெளியே போனார். அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர், கவலையே படாதீங்க. உள்ளே இன்னொரு சின்ன மெஷின் இருக்கு."

சின்னவள் எழுந்தாள். மரக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் பற்றவைக்கும் கோல், டிரில் பிட் பல்லிடுக்கில். திரையைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து கோலின் வயரைச் சுவர் பிளக்கில் செருகினாள். அத்தான் கையிலிருந்த அச்சை வாங்கிக்கொண்டாள்.

முள்ளைச் சுற்றி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. துரு இல்லை, சேறும் இல்லை. உற்றுப் பார்த்தாள். தன்னையறியாமல் அவள் நாக்கு கடைவாய்ப் பக்கம் போனது.

"பல்லை அடைக்கிற பசையா இது?"

டாக்டர் கூரையைப் பார்த்தார். "ஓடும்போது கழண்டுடக் கூடாதுன்னு லேசா ஒரு தடவு..."

வங்கி மேனேஜர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கோல் சூடேறியது. பசை பொரிந்து உதிர்ந்தது. மிச்சத்தைச் சுரண்டினாள். மேசைமேல் கட்டையை வைத்து, அச்சை அதில் படுக்கவைத்துத் தட்டினாள். டங். டங். டங். டொக். கட்டையைத் தூக்கியதும் முள் மேசையில் உருண்டது.

"அப்போ நான் தூக்கிட்டுப் போனது என்னது?" என்றார் டாக்டர்.

"பெல்ட்டுக்கு ஓட்டை போடறது."

அத்தான் அலமாரிக் கண்ணாடியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அதில் ஒரு தூசியும் இல்லை.

சின்னவள் முள்ளை எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள். அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "போன வருஷம் இதே பசையைத்தான் என் பல்லுல வெச்சீங்க. நாலே மாசத்துல விழுந்துடுச்சு. காருக்கு மட்டும் எப்படி சார் இவ்வளவு கெட்டியா வைக்கறீங்க?"

மேனேஜர் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு அவர் பார்த்தது வாயை மட்டும்தானே.

அன்று சாயங்காலமே நீல மெஷின் திரும்பி வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அத்தான் கதவு காற்றில் அடிக்காதபடி முட்டுக் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை புது ஆள் ஒருவர் பையோடு வந்து, முள் எடுக்க மெஷின் இருக்கிறதாமே என்று கேட்டார். அத்தான் தொண்டையைச் செருமினார். ஒரு தடவை போதவில்லை, மறுபடியும் செருமினார்.

"என் மச்சினிதாங்க எடுக்கறது. இருங்க, கூப்பிடறேன்."

கிழிசலில் கண் வைத்திருந்த சின்னவள் உடனே எழுந்துவிடவில்லை. இரண்டாவது தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.