சிவப்புச் சேலை

மருத்துவமனைக் கூரையில் ஹெலிகாப்டர் இறங்கும் சத்தம் கேட்டதும், தோளில் கிடந்த துப்பட்டாவை உருவிக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"ஏம்மா?" என்றாள் மகள்.

என் சிறுவயதில், மலேசியாவின் கிள்ளானில் வெள்ளம் வந்தபோது மேடான எங்கள் பள்ளியில் ஒதுங்கியிருந்தோம். பள்ளித் தோட்டக்காரரான அப்பா, ஹெலிகாப்டர் இறங்குவதற்காகத் திடலில் சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போட்டார். அம்மா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஹெலிகாப்டர் தெரிந்ததும் எல்லாரும் துணிகளை வீசிக் கூப்பிட்டோம். நான் அம்மாவின் சிவப்புச் சேலையை வீசினேன். தாழ்ந்து வந்த ஹெலிகாப்டர் மறுபடி மேலேறிப் போய்விட்டது.

"துணி பறந்து இறக்கையில சுத்திக்கும்! கீழ போடுங்கலா!" என்று அப்பா கத்தினார்.

துணிகளின்மேல் உட்கார்ந்து காத்திருந்தோம். வெகுநேரம் கழித்துத்தான் அது திரும்பி வந்து இறங்கி, அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது.

நான்கு நாள் கழித்து அம்மா குழந்தையில்லாமல் வெறுங்கையோடு வீடு திரும்பினாள். அந்தச் சேலையைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஒன்னுமில்லலா," என்றேன் மகளிடம். "காத்து ஜாஸ்தி."